ஒரே கணிப்பொறியில் இரண்டு இயக்க அமைப்புகள்

கணிப்பொறியின் உறுப்புகள் தாமாகவே எதையும் செய்ய வல்லன அல்ல. விசைப்பலகையில் அழுத்தப்படும் எழுத்தை ஏற்றல், நினைவகத்தை நிரல்களுக்குப் பங்கிடுதல், தகவல்களை வட்டில் எழுதி வைத்தல் ஆகிய பணிகளை மேற்பார்வையிடும் தலைமை நிரலே ஆபரேட்டிங் சிஸ்டம் என வழங்கும் இயக்க அமைப்பாகும். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு கணிப்பொறியில் ஓர் இயக்க அமைப்புதான் இருத்தல் வேண்டும் என்ற விதி எதுவுமில்லை. இரண்டு அமைப்புகள் ஒரே வட்டில் இடம்பெறலாம். ஆயினும் வட்டு, தொடக்க வாயில், கடிகாரம் ஆகிய மூன்றும் அவ்விரண்டிற்கும் பொதுவானவை. இம்மூன்றையும் ஒழுங்கு செய்யாவிடில், பல்லாண்டுகளாகச் சேர்த்த அளவீடுகள் ஒரே நாளில் பயனற்றுப் போகக்கூடும்.

தேவை எழுந்த காரணம்

விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றன. விண்டோஸ் 11-ஐ நிறுவுவதற்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம் முதலியன வேண்டும். அப்பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணிப்பொறிகள், பிற வகையில் நல்ல நிலையில் இருந்தும், முறைப்படி அதற்கு மாற இயலாதனவாக உள்ளன.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ், இத்தகைய பழைய பொறிகள் பலவற்றிலும் இயங்க வல்லது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் அமைப்பும், கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் அமைப்பும் லினக்ஸ் வகையைச் சேர்ந்தவையே. எனினும், அளவீட்டுக் கருவிகளுடன் வரும் நிரல்கள் சில விண்டோஸில் மட்டுமே இயங்கும். ஆகவே இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ளும் தேவை ஏற்படுகிறது. திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸைக் கருவிக்காக மட்டும் உபயோகித்து, அதை இணையத்தோடு இணைக்காதிருத்தல் நன்று.

மூன்று வழிகள்

முதலாவது, லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்குதல். இதில் வட்டு மாற்றப்படுவதில்லை. கணிப்பொறி அவ்வமைப்புக்கு ஏற்றதா எனச் சோதிக்க இதுவே சிறந்தது.

இரண்டாவது, மெய்நிகர்ப் பொறி. ஓர் இயக்க அமைப்பிற்குள் மற்றொன்றை ஒரு நிரலைப் போல இயக்குவது இம்முறையாகும். ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணிப்பொறிகளுக்காக 1972ஆம் ஆண்டிலேயே இத்தகைய வசதியை வெளியிட்டது. இரண்டு அமைப்புகளும் ஒரே சமயத்தில் இயங்குவதால் நினைவகம் இரண்டிற்கும் பங்கிடப்படும். 4 ஜிகாபைட் மட்டுமே உள்ள பொறிக்கு இம்முறை பாரமாகும்.

மூன்றாவது, டூயல் பூட் எனப்படும் இரட்டைத் தொடக்கம். வட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனிப் பகுதியில் நிறுவி, பொறியைத் தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் இதன் இயல்பு. முழு நினைவகமும் தேர்ந்த அமைப்பிற்கே கிடைக்கும். கீழ்க்காணும் எச்சரிக்கைகள் இம்முறைக்கு உரியவை.

வட்டு

பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டின் முதல் 512 பைட்டுகளே அதன் தலைவாசல். அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பகுதிகளின் அட்டவணைக்கும், 2 பைட்டுகள் முத்திரைக்கும் உரியவை. ஒரு பகுதியைக் குறிக்க 16 பைட்டுகள் வேண்டுமாதலின், நான்கு முதன்மைப் பகுதிகளுக்கே அதில் இடமுண்டு. ஜி.பி.டி. எனப்படும் புதிய முறையில் வழக்கமாக 128 பகுதிகள் வரை குறிக்கலாம்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி உண்டு. இது இயங்கும்போது, பொறியை நிறுத்தினாலும் விண்டோஸ் முற்றிலும் மூடப்படுவதில்லை; அதன் நிலையின் ஒரு பகுதி வட்டில் பதிந்து வைக்கப்படுகிறது. அந்நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். ஆதலின் இவ்வசதியை முதலிலேயே நீக்கிவிடுதல் வேண்டும்.

தொடக்க வாயில்

பொறியைத் தொடங்கியதும் அமைப்புகளின் பட்டியலைக் காட்டும் நிரல், லினக்ஸில் பெரும்பாலும் கிரப் என்பதாகும். விண்டோஸை நிறுவும் நிரல் லினக்ஸைத் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. பழைய வகைப் பொறிகளில் முன்னிருந்த தொடக்க நிரலின் மேலேயே தன்னுடையதை எழுதிவிடும். இதனாலேயே விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் நிறுவுதல் மரபாயிற்று.

நீக்கும்போதும் கவனம் தேவை. கிரப் நிரலின் பெரும்பகுதி லினக்ஸ் இருக்கும் இடத்திலேயே உள்ளது. விண்டோஸின் தொடக்கத்தைச் சீர்செய்யாமல் லினக்ஸ் பகுதியை அழித்தால், பழைய பொறிகளில் இரண்டு அமைப்புகளும் தொடங்கமாட்டா.

கடிகாரம்

மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் சிறு கடிகாரம் ஒன்று கணிப்பொறியினுள் உண்டு. அது காட்டுவது உள்ளூர் நேரம் என விண்டோஸ் கொள்கிறது. லினக்ஸோ, பொதுவாக அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு, இந்தியாவிற்குரிய 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டுகிறது. நம் நாட்டில் அன்றாட மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. உலகப் பொது நேரப்படி அது 3.00 மணி. விண்டோஸ் 8.30 எனக் குறித்த கடிகாரத்தை லினக்ஸ் படித்தால், இணையம் இல்லாத நிலையத்தில் அதே அளவீடு பிற்பகல் 2 மணி எனப் பதிவாகும். மாறாக, லினக்ஸ் எழுதிய 3.00 மணியை விண்டோஸ் படித்தால் அளவீடு விடியற்காலைக்கு உரியதாகிவிடும். எண் சரியாக இருந்தும் நேரம் தவறிய அளவீட்டைப் பின்னர் கண்டுபிடித்துத் திருத்துதல் கடினம்.

இரண்டு அமைப்புகளையும் ஒரே வழக்கத்திற்குக் கொண்டுவருதலே இதற்குப் பரிகாரம். அக்கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே கொள்ளும்படி லினக்ஸை அமைக்கலாம். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் வழக்கமுள்ள நாடுகளில் இது குழப்பம் விளைவிக்கும். இந்தியாவில் அவ்வழக்கம் இன்மையால் அக்குழப்பத்திற்கு இடமில்லை.

செய்ய வேண்டிய வரிசை

1. எல்லாக் கோப்புகளையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா எனப் பார்த்தல்.
2. பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்குமாயின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துதல்.
3. பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிச் சோதித்தல்.
4. விண்டோஸுக்குத் திரும்பி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நீக்கி, விண்டோஸின் சொந்தக் கருவியாலேயே அதன் பகுதியைச் சுருக்குதல்.
5. ஒழிந்த இடத்தில் மட்டும் லினக்ஸை நிறுவுதல். வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்னும் கேள்வி தோன்றின் இணங்கலாகாது.
6. இரண்டு அமைப்புகளிலும் மாறி மாறித் தொடங்கி, நேரத்தைக் கைக்கடிகாரத்துடன் ஒப்பிடுதல்.

ஆசிரியர்கள் ஆறாம் படியை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். 5 மணி 30 நிமிட வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, கணிப்பொறிப் பாடத்தையும் தீர்க்கரேகை பற்றிய புவியியற் பாடத்தையும் ஒருங்கே விளக்க உதவும். களப்பணியாளர்களோ, இப்படி முடிந்த பின்னரே கருவியை இணைத்து அளவீட்டைத் தொடங்குதல் வேண்டும்.