ஒரே ஒரு புள்ளி

லீக் பட்டியலும் ஒரு கணக்குப் பாடம்தான். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் பூஜ்யம்.

கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி கால்பந்து அணி, 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளில் 8வது இடம். பிறகு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக, ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்களும் நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் சேர்ந்து புது அணி உருவானது.

2018-19இல் 20 ஆட்டங்கள்: 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. 39+4=43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கும் 13 வெற்றிதான்! ஆனால் 3 சமன், 4 தோல்வி, 42 புள்ளி. தோற்காமல் காப்பாற்றிய ஒரு ஆட்டம்தான் கோப்பையைக் கொடுத்தது.

அந்த முதலிடமும் சும்மா வரவில்லை. 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது. அதே நாளில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. சமன் செய்தாலும் கோப்பை போயிருக்கும். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலும் கௌரவ் போரா அடித்தது. 3-1! ஐ-லீக் வென்ற முதல் தமிழ்நாட்டு அணி.

நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: கஷ்டமான பேப்பர்னு விட்டுடக்கூடாது. சென்டம் வராட்டி போகுது, அரியர் விழாமல் காப்பாற்றினால் அதுவே ஒரு புள்ளி.

இன்னொன்று: 2020-21க்குப் பின் அந்த அணி ஐ-லீக்கில் ஆடவில்லை. இன்ஜினை ஓவராயில் பண்ணினால் மட்டும் போதாது நண்பர்களே, மெயின்டனன்ஸும் வேணும்!