கேபிளின் பாரம் கனெக்டரில் விழக்கூடாது

கூத்தாநல்லூர்,
செப்டம்பர் கடைசி வாரம்.

அன்பு மருமகனுக்கு, மாமா எழுதுவது.

நீ திருச்சியில் வாங்கி லாரியில் போட்டுவிட்ட கேபிள் சுருள் நேற்று வந்து சேர்ந்தது. இரண்டு பேர் பிடித்துத்தான் திண்ணையில் இறக்கினோம். ஹாம் ரேடியோ பரீட்சை தேறி லைசென்ஸ் வந்துவிட்டது, அடுத்த வாரம் லீவில் வந்து உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் 60 அடி டவரில் ஆன்டெனா கேபிள் ஏற்றப்போகிறாய் என்று அக்கா சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு பயமும் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நீ சென்னையை விட்டுக் கிளம்புமுன் இது உன் கையில் கிடைக்க வேண்டும்.

சுருளின் அறுத்த முனையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு உறை, அதற்குள் மண்புழு உடம்பு மாதிரி வரிவரியாகச் செம்புக் குழாய், அதற்குள் வெள்ளை நுரை, நடுவில் இன்னொரு செம்புக் குழல். டவர் ஆட்கள் 'செவன் பை எய்ட்' என்பார்கள். நம் பழைய கணக்கில் முக்காலே அரைக்கால் அங்குலம். நல்ல சரக்கு. மீட்டருக்கு அரைக் கிலோ வரும். 60 அடிக்கு ஒன்பது கிலோ. ஒன்பது கிலோ ஒரு பாரமா என்று உனக்குத் தோன்றும். கையில் தூக்கினால் பாரமில்லைதான். ஒரே ஒரு கனெக்டரில் வருஷக் கணக்காகத் தொங்கினால், அதுவும் காற்றில் ஆடிக்கொண்டே தொங்கினால், அது பெரிய பாரம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. மறுநாள் மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை வரை தென்னை சாய்ந்து கிடந்ததை நீயும் பார்த்தவன். கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. என் டவர் அசையாமல் நின்றது. பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தது. இப்படி ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று செட்டைப் போட்டேன். ஒரு குரலும் இல்லை. இரைச்சல்கூட ஈனமாகத்தான் கேட்டது. மழை விட்டதும் மேலே ஏறிப் பார்த்தேன். மேல், நடு, கீழ் என்று மூன்றே இடத்தில் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தேன். இரவெல்லாம் கேபிள் டவரில் அடித்து அடித்து மேல்கட்டு நழுவி, முழுப் பாரமும் ஆன்டெனாவின் கனெக்டரில் விழுந்து, நடு ஊசி வெளியே வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு வந்தவர்களிடம் கையை விரித்தேன். அந்த முகங்களை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் கையை விரித்தது போன்ற நேரத்தில் வேலை செய்து காட்டியவர்களும் உண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோவைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையார் ஹாம் நிலையம் போடுவதற்காக அந்தமான் போயிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்தது. போர்ட் பிளேரில் இருந்தபடி தீவுக்காரர்களின் சேதியை அவர் இந்தியக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தச் செட் வைத்திருந்தார் என்பது எனக்குப் பெரிதில்லை. அந்த நேரத்தில் அவருடைய கேபிளும் ஆன்டெனாவும் வேலை செய்தன. அதுதான் பெரிது.

இனி வேலைக்கு வருகிறேன். கேபிளை மேலே ஏற்றுவதற்கு முன் உச்சியிலிருந்து சற்றுக் கீழே அதன்மேல் ஒரு ஹாய்ஸ்டிங் கிரிப் போட வேண்டும். கம்பியால் பின்னிய நீளமான உறை அது, காலுறை மாதிரி. பாரம் இழுக்க இழுக்க அது கேபிளை நீளவாக்கில் பரவலாகப் பிடிக்கும், ஓரிடத்தில் நசுக்காது. அதன் காதை டவரின் குறுக்குக் கம்பியில் மாட்டிவிட்டால் ஒன்பது கிலோவையும் அதுவே வாங்கிக்கொள்ளும். 200 அடிக்கு ஒன்று என்பது கம்பெனிக்காரர்கள் கணக்கு. உனக்கு ஒன்று போதும். கப்பியில் கயிறு போட்டு இழுக்கும்போதும் முனையில் மட்டும் முடிச்சுப் போடாதே. கீழே நாலைந்து இடத்தில் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே ஏற்று. சுருளைத் தரையில் உருட்டிப் பிரி. பக்கவாட்டில் இழுத்தால் முறுக்கு விழும், ஒருமுறை மடிந்த செம்புக் குழாய் பிறகு நிமிராது. எந்தத் திருப்பத்திலும் சைக்கிள் சக்கரத்தின் வளைவுக்குக் குறைத்து வளைக்காதே.

கிரிப் தாங்கினாலும் ஆட்டத்தை நிறுத்துவது கிளாம்ப்தான். மூன்றடிக்கு ஒன்று வை. டவரின் ஒரு காலை ஒட்டி, உட்பக்கமாகக் கேபிளை இறக்கு. ஏறுகிற பக்கம் காலியாக இருக்கட்டும். கிளாம்ப்பை முடுக்கும்போது கையில் நிதானம் வேண்டும். அறுவடையில் கதிர்க்கட்டை வைக்கோல் பிரியால் கட்டுபவர்களைப் பார்த்திருப்பாய்: கட்டு அவிழவும் கூடாது, மணி உதிரவும் கூடாது. இதுவும் அப்படித்தான். வெளிக்குழாய்க்கும் நடுக்குழலுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாமல் இருந்தால்தான் கேபிளின் 50 ஓம் மின்மறிப்பும் மாறாமல் இருக்கும். நசுக்கினால் அந்த இடத்தில் தூரம் குறையும், அனுப்புகிற சக்தியில் ஒரு பங்கு செட்டுக்கே திரும்பி வரும். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். வெள்ளை நைலான் டையும் வேண்டாம்; நம்மூர் வெயிலில் வெடித்துக் கையோடு வந்துவிடும்.

கனத்த கேபிளை நேராக ஆன்டெனாவில் மாட்டாதே. மேலே ஆறடி மெல்லிய கேபிளை ஜம்பராகப் போட்டு, அதில் ஒரு வளையம் தளர்வாக விடு. ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டர் திரும்பும்போது அந்த வளையம் திரும்பட்டும், கனத்தது அசைய வேண்டாம்.

பழைய ஜம்பர் ஒன்றை இன்றைக்குப் பிரித்தேன். டேப்பை உரித்ததும் கனெக்டருக்குள்ளிருந்து பச்சைக் களிம்பு கலந்த தண்ணீர் என் உள்ளங்கையில் சொட்டியது. மேலிருந்து கீழாக டேப் சுற்றியிருக்கிறேன், ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கியிருக்கிறது. கீழிருந்து மேலாகச் சுற்று. ஓட்டு வீட்டில் கீழ்வரிசை ஓட்டின்மேல் மேல்வரிசை ஓடு ஏறி உட்காருவது அதற்குத்தான். முதலில் ரப்பர் டேப், அதன்மேல் பி.வி.சி. டேப். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு ஏற்று; வழிகிற மழை அங்கேயே சொட்டிவிடும்.

இடிக்கு: கேபிளின் வெளிச்செம்பை உச்சியிலும் அடியிலும் கிரவுண்டிங் கிட் போட்டு டவரோடு இணை. எர்த் குழிக்கு நம் களிமண் ஈரம் நல்ல துணை. வானம் இருட்டினால் செட்டிலிருந்து கேபிளைக் கழற்றி விடு.

சென்னை ரிச்சி தெருவிலோ டவர் சாமான் விற்கும் கடையிலோ இவற்றைக் கேட்டு வாங்கி வா: செவன் பை எய்ட் அளவுக்கு ஹாய்ஸ்டிங் கிரிப் ஒன்று, அதே அளவுக்குக் கிளாம்ப் இருபது, கிரவுண்டிங் கிட் இரண்டு, ரப்பர் டேப் நாலு சுருள். கிளாம்ப் அளவு தப்பினால் ஒன்றுக்கும் உதவாது; கேபிள் துண்டு ஒன்றை அறுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், கடையில் பொருத்திப் பார். உடம்பு முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட் என்னிடம் இருக்கிறது, இரண்டு கொக்கியோடு. ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும்.

ஞாயிறு சுபுஹு தொழுதுவிட்டு நேராக வந்துவிடுகிறேன். கப்பிக் கயிற்றை நான் பிடிக்கிறேன். நான் வரும்வரை நீ தனியாக ஏறாதே.

உன் மாமா