நோயோடு வாழும் மனம்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று சிறு வகுப்புகளில் நாம் எழுதிப் பழகியிருக்கிறோம். இனி நோயோடுதான் வாழ்வு என்று ஆகிவிட்டவர்களுக்கு எந்தச் செல்வமும் இல்லையா? என் தந்தையின் சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவரிடமிருந்து நான் கற்ற பாடத்தைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சிறுநீரகத்தின் பணி

நம் முதுகுப்புறத்தில் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவை நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திருப்பி அனுப்பி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இவ்வடிகட்டிகளை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. தொடக்கத்தில் வலி ஏதும் தோன்றாததால் பலர் காலம் கடந்தே அறிகின்றனர். என் தந்தையும் அப்படித்தான்.

மருத்துவம் தந்த வழி

ஹாலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப், போர்க்காலமான 1943-இல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் உறையே அதில் வடிகட்டியாயிற்று. முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இறந்தனர். அவர் மனம் தளரவில்லை. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். நம் நாட்டில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது.

என் தந்தைக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. குடிக்கும் நீருக்கு அளவு உண்டு. பொட்டாசியம் மிகுந்த இளநீரும் வாழைப்பழமும் அவருக்கு ஆகா.

மனம் பட்ட பாடு

இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. மனத்தை யார் கவனிப்பது? முதலில் அப்பா நோயை நம்பவே மறுத்தார். பிறகு எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. அதன்பின் பேச்சே நின்றுவிட்டது. "உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன்" என்பது மட்டும் அவ்வப்போது வரும்.

நாங்கள் அவருக்கு நன்மை செய்வதாக எண்ணிப் பெரிய தவறு செய்தோம். வீட்டுச் செய்திகளை மறைத்தோம். செய்து வந்த வேலைகளை எல்லாம் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். அவர் கண்ணில் படாமல் தண்ணீர் குடித்தோம். ஒரு நாள் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடிப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா ஒளிஞ்சு நின்னு குடிக்கிறே? நீ தண்ணி குடிக்கிறதுல எனக்கு வருத்தமில்லே. எல்லாரும் என்னைக் கண்டு ஒளியறீங்களே, அதுதான் வருத்தம்" என்றார்.

அன்று நான் அழுதேன். அப்பாவும் அழுதார். ஆனால் அன்றுதான் வெகு நாளைக்குப்பின் நாங்கள் இருவரும் மனம் விட்டுப் பேசினோம்.

நாங்கள் கற்றவை

இப்போது காலையில் அப்பாவே தம் பங்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து வைத்து, மடக்கு மடக்காகப் பருகுகிறார். வீட்டுக் கணக்கு நோட்டு மீண்டும் அவர் கைக்குப் போய்விட்டது. டயாலிசிஸ் இல்லாத மாலைகளில் எனக்கு அல்ஜீப்ரா சொல்லித் தருகிறார். நான் தப்பாகப் போட்டால் பழையபடி அதட்டுகிறார். அந்த அதட்டல் கேட்டு அம்மா சிரிக்கிறார்.

நோயாளியிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதைவிட, "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது நல்லது. அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். மனச்சோர்வு இந்நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படுகிறது. அது கோழைத்தனம் அன்று. அதற்கும் சிகிச்சை உண்டு. உறக்கமும் ஊக்கமும் வாரக்கணக்கில் இல்லாமற் போனாலோ, "சிகிச்சையே வேண்டாம்" என்று சொன்னாலோ, மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். பணிவிடை செய்பவரும் தம் துயரை யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும். நான் என் வகுப்புத் தோழியிடம் சொல்கிறேன்.

முடிவுரை

அப்பா குணமாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எழுத முடியாது. சோர்ந்து படுக்கும் நாள்கள் இன்றும் உண்டு. ஆயினும் அவர் எங்களுக்கு அப்பாவாகவே இருக்கிறார்; வெறும் நோயாளியாக இல்லை. தோழியரே, உங்கள் பெற்றோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் வந்துவிட்ட வீடானால், அவரிடமிருந்து ஒளியாதீர்கள். நோயற்ற வாழ்வு கிட்டாதவர்க்கும் ஒரு செல்வம் உண்டு. தம் வீட்டார்க்குத் தாம் இன்னும் வேண்டியவர் என்னும் உறுதியே அச்செல்வம்.