சீலியாக் நோயும் ஊட்டச்சத்துக் குறைவும்

இரும்புச்சத்து மாத்திரைகளை மாதக்கணக்கில் ஒழுங்காக உட்கொண்டும் சோகை நீங்காத குழந்தைகளைக் கள ஊழியரும் ஆசிரியரும் காண நேரிடுவதுண்டு. கொக்கிப்புழு போன்ற வழக்கமான காரணங்களை ஆராய்ந்த பின்னரும் குறை தீராவிடில், சீலியாக் நோயையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், மரபு வழியாக இந்நோய்க்கு இடங்கொடுக்கும் உடலமைப்புடையோர் சிலரின் சிறுகுடலில் அழற்சியை விளைவிக்கிறது. கோதுமைக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை டச்சு மருத்துவர் டிக்கெ தமது 1950ஆம் ஆண்டு ஆய்வுரையில் விளக்கினார்.

அழற்சியால் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சிறுகுடலின் முற்பகுதியே மிகுதியாகப் பழுதுறுகிறது. இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் ஆகியவை பெரிதும் உறிஞ்சப்படும் இடமும் அதுவே. எனவே மாத்திரை வயிற்றில் சென்றும் இரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை. துத்தநாகம், செம்பு ஆகிய நுண் தாதுக்களும் குறையக்கூடும். கொழுப்பு சரிவர உறிஞ்சப்படாவிடில் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறைவுறும். குழந்தையின் வளர்ச்சி குன்றும், எலும்பு வலுவிழக்கும்.

2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் இந்நோய்க்குரிய தன்னெதிர்ப்பொருள் வடபகுதியில் நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்திலும், தென்பகுதியில் 0.10 பேரின் இரத்தத்திலும் காணப்பட்டது. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். மரபுக் கூறோ இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவினதாயிருந்தது. ஆகவே தென்னாட்டில் இந்நோய் அரிதேயாயினும், அறவே இல்லையெனக் கொள்ளலாகாது.

ஐயமுறும் குழந்தையை மருத்துவரிடம் அனுப்புக. இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் புலப்படாமற் போகலாம். நோய் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே சிகிச்சை. குறைந்த சத்துக்களை மருத்துவர் கூறும் அளவில் ஈடுசெய்தல் வேண்டும்.

கொள்ளேகால் வட்டாரத்தார்க்குப் பழகிய கேழ்வரகுக் களி இங்குப் பெருந்துணையாகும். கேழ்வரகில் குளூட்டன் இல்லை. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதனை முளைகட்டி அரைத்தால் இரும்பும் துத்தநாகமும் உடலில் எளிதிற் சேரும். தீட்டிய அரிசியை மட்டும் நம்பாமல் பயறு, கீரை, முட்டை ஆகியவற்றையும் சேர்த்தல் நலம்.

ரவை, மைதா, சேமியா யாவும் கோதுமையே என்பதைத் தாய்மார்க்கு எடுத்துரைக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகை அரைத்தால் இவ்வளவு கவனமும் பயனற்றுப் போகும்.