ஹவாய் ஆட்டின் வயிற்றில் இருந்தது என்ன?

கேள்வி: சவுண்டல் தழையை அதிகம் தின்ற ஆட்டுக்கு முடி கொட்டுகிறது. சில நாடுகளில் ஆடுகள் இதையே தின்று கொழுக்கின்றனவாமே, எப்படி?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியாவில் இருக்கிறது. சவுண்டலில் (சூபாபுல்) மைமோசின் என்ற நஞ்சு உண்டு. முடி கொட்டுவது அதனால்தான். இரைப்பைக்குள் அது டிஹெச்பி என்ற பொருளாக மாறி, தைராய்டு சுரப்பியைக் கெடுத்துக் கழுத்தை வீங்க வைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் மாடுகள் இப்படி அவதிப்பட, ஹவாயில் ஆடுகள் அதே தழையை மேய்ந்து நலமாக இருந்ததைக் கவனித்தவர் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர். டிஹெச்பியைச் சிதைக்கும் பாக்டீரியா அவற்றின் வயிற்றில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1980களில் அந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய மாடுகளுக்குள் செலுத்தினார்கள்; மாடுகள் தேறின. சில மாடுகளுக்குக் கொடுத்தாலே போதும், கூட மேயும் மற்றவற்றுக்கும் தானாகப் பரவிவிடுகிறது! கால்நடை ஆராய்ச்சியில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதை வளர்த்துப் பண்ணையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

உங்கள் ஆடுகளுக்குச் சவுண்டலை உடனே நிறுத்துங்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தேறிய பிறகு, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், புல்லோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். சினை ஆடுகளுக்கு இன்னும் குறைவாக.