படிக்காத தம்பியிடம் என்ன பேசுவது?



புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் ஞாயிறு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மோட்டார் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம், "இந்த வருஷம் எத்தனை புத்தகம் படிச்சே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றார். "அப்புறம் எப்படி உருப்படுவே?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வீட்டில் திருக்குறளைப் புரட்டினேன். 40ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை. கல்லாதவரை விளையாத களர் நிலம் என்று வள்ளுவர் அதில் வெளுத்து வாங்குகிறார். என்னைப் போன்ற புத்தகப் பிரியர்களுக்கு மேற்கோள் காட்ட ரொம்ப வசதியான அதிகாரம்! ஆனால் வள்ளுவர் அங்கே நிற்கவில்லை. 42ஆவது அதிகாரம் கேள்வி. படிக்காதவனாக இருந்தாலும் கேட்கட்டும், தளரும்போது அது ஊன்றுகோலாக உதவும் என்கிறார். நான்தான் 41லேயே நின்றுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் பாட்டிமார் பலருக்கு எழுத்து தெரியாது. பாரதக் கதை மட்டும் தலைகீழாகத் தெரியும். எப்படி? கோயிலில் ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 'நீ ஏன் படிக்கலே?' என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகர் என்பது மூன்றாவது. பொருந்தும் நூலைத் தேடித் தருவது நூலகரின் வேலை. வாசகரைத் திட்டுவது அந்த ஐந்தில் எதிலும் இல்லை. அதே ஆண்டில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில், கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ஆள் வரவில்லை என்று குறைப்படாமல் வண்டியைப் பூட்டினார்கள்.

நானும் பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தம்பி கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டே, "அது போகட்டும்ணே. கர்ணன் நல்லவன்னா ஏன் துரியோதனன் பக்கம் நின்னான்?" என்றார். உடனே புத்தகம் தருவதாகச் சொன்னேன் (பழக்கம் விடுமா?). "படிச்சா தூக்கம் வருதுண்ணே. நீங்க வாசிங்க, நான் கேட்கிறேன்" என்றார்.

இப்போது வகுப்பில் முதல் பத்து நிமிஷம் வாசிப்பு. போன வாரம் தம்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கர்ணன் இன்னும் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு வரும்போது கல்லாமை, கேள்வி இரண்டு அதிகாரங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்க முடியாதவர்கள் சும்மா வாருங்கள், வாசிக்கிறோம்.