விபத்தை மறைக்கச் சொல்கிறார்களே!

பிரஸ் மெஷினில் என் கணவரின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. "செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வெளியே சொல்ல வேண்டாம்" என்கிறது கம்பெனி. சம்மதிக்கலாமா?
– வாசகி, ஓசூர்

சம்மதிக்காதீர்கள், சகோதரி. அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு நிர்வாகம் தகவல் கொடுத்தே தீர வேண்டும். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிடுவார்கள், சரி. விரல் மடங்காமலே போய்விட்டால்? இ.எஸ்.ஐ. இருந்தால், நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆயுள் முழுக்க வரும். அதற்கு விபத்து அறிக்கைதான் ஆதாரம். விபத்துப் பதிவேட்டில் தேதி, நேரம், மெஷின், சாட்சி பெயர் இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனைச் சீட்டில் 'வீட்டில் அடிபட்டது' என்று எழுத விடவே கூடாது. நிர்வாகம் அசையாவிட்டால், இயக்ககத்திலும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் நீங்களே எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.